ஒரு பானைச் சோறும் ஒரு சோறும்
பிரித்தானியத் தேர்தல் கருத்துக்கணிப்புகளின் கதை



நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எங்கள் நேயர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம். இந்தக் கட்சிக்கு இத்தனை வீதம், அந்தக் கட்சிக்கு இத்தனை வீதம் என்று நாள்தோறும் சொல்கிறார்கள். என்னை ஒருவரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரையும் கேட்டதில்லை. பிறகு யாரைக் கேட்டு எழுதுகிறார்கள்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதென்றால் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். கருத்துக்கணிப்பு எப்படித் தொடங்கியது, எப்போது சரியாகச் சொன்னது, எப்போது சறுக்கியது என்று பார்த்தால்தான் அதில் எங்களுக்கு இடம் இருக்கிறதா, இல்லையா என்பதும் விளங்கும். இந்த மாதப் பேச்சு அதைப் பற்றியது.

இருபது இலட்சம் பேரும் ஒரு தவறும்

கதை தொடங்குவது அமெரிக்காவில். அங்கே "லிற்றரறி டைஜஸ்ற்" என்று ஒரு புகழ்பெற்ற வார இதழ் இருந்தது. சனாதிபதித் தேர்தல் வரும்போது இலட்சக்கணக்கானோருக்குத் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, திரும்பி வருவதை எண்ணி, யார் வெல்வார் என்று சொல்வது அதன் வழக்கம். பல தேர்தல்களில் அது சரியாகவே சொன்னது. 1936ஆம் ஆண்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பினார்கள். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சியின் அல்ப்ஃறெட் லான்டன் தெளிவாக வெல்வார் என்று எழுதினார்கள்.

நடந்தது வேறு. பிராங்ளின் றூஸ்வெல்ற் 61 வீதம் அளவில் வாக்குப் பெற்று, 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். இரண்டு வருடங்களுக்குள் அந்த இதழே இல்லாமல் போயிற்று.

இருபது இலட்சம் பேரைக் கேட்டும் ஏன் பிழைத்தது? பெயர்களை எங்கே எடுத்தார்கள் என்று பாருங்கள். தொலைபேசிப் புத்தகம், கார் வைத்திருப்போரின் பதிவேடு, தங்கள் வாசகர் பட்டியல். அது பெரும் பொருளாதார மந்த காலம். வேலையில்லாமல் நின்றவரிடம் காரும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் யார், அனுப்பாமல் விட்டவர்கள் யார் என்பதிலும் வேறுபாடு இருந்தது.

அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் என்பவர் அந்த இதழைவிட மிகச் சிறிய தொகையினரைத்தான் கேட்டார். ஆனால் ஏழை, பணக்காரர், நகரம், கிராமம் என்று எல்லாப் பகுதியினரும் அதில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். வீதத்தில் அவரும் சில புள்ளிகள் தவறினார். ஆனாலும் வெல்பவர் றூஸ்வெல்ற் என்று சரியாகச் சொன்னார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாங்கள் சொல்வோம். கருத்துக்கணிப்பின் முழு அறிவியலும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. ஆனால் சமைத்த எவருக்கும் இன்னொன்றும் தெரியும். பானையைக் கிளறாமல் மேலே இருந்து எடுத்த சோறு, அடியில் இருப்பதைச் சொல்லாது. மேலே பதமாக இருக்கும்போதே அடியில் பிடித்திருக்கும். லிற்றரறி டைஜஸ்ற் மேலிருந்து நிறைய அள்ளியது. கலப் கொஞ்சம் எடுத்தார், ஆனால் கிளறிவிட்டு எடுத்தார்.

சேர்ச்சில் தோற்ற கோடை

கலப்பின் முறை 1937இல் பிரித்தானியாவுக்கு வந்தது. ஹென்றி டூரன்ற் என்ற இளைஞரின் பொறுப்பில் இங்கே ஒரு நிறுவனம் தொடங்கியது. "நியூஸ் குறொனிக்கிள்" என்ற நாளிதழ் அதன் முடிவுகளை வெளியிட்டது. 1938இல் மேற்கு ஃபுல்ஹம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் எடித் சமஸ்கில் வெல்வார் என்று டூரன்ற் கணித்தார். அது பலித்தது. இருந்தும் அரசியல்வாதிகள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பெரிய சோதனை 1945இல் வந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்திருந்தது. வின்ஸ்ரன் சேர்ச்சில் போரை வென்று தந்த தலைவர். அவர் போகுமிடமெல்லாம் சனம் வீதியில் திரண்டு கைதட்டியது. அவர் தோற்பார் என்று பத்திரிகைகளும் நினைக்கவில்லை, எதிர்க்கட்சியிலேயே பலர் நினைக்கவில்லை. கலப் கணிப்பு மாத்திரம் தொழிற்கட்சி 6 புள்ளி முன்னிலை என்று சொன்னது. அதை வெளியிட்ட பத்திரிகையே அதை நம்பவில்லை.

யூலை 5ஆம் திகதி வாக்களிப்பு நடந்தது. வெளிநாட்டில் இருந்த படையினரின் வாக்குகள் வந்துசேரவேண்டும் என்பதால் மூன்று கிழமை காத்திருந்து யூலை 26ஆம் திகதி முடிவு வெளியானது. 640 ஆசனங்களில் தொழிற்கட்சிக்கு 393. கிளமன்ற் அற்லி பிரதமரானார். முன்னிலை கலப் சொன்னதைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது.

வீதியில் கைதட்டிய சனம் பொய் சொல்லவில்லை. சேர்ச்சிலுக்கு நன்றி சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் வீடு, வேலை, வைத்தியம் என்று அடுத்த ஐந்து வருடத்தை நினைத்தபோது வேறு கட்சிக்கு வாக்களித்தார்கள். கூட்டத்தின் சத்தத்தை வைத்து நாட்டின் மனதை அளக்கமுடியாது என்பதை அந்தத் தேர்தல் காட்டியது. ஆயிரம் பேரிடம் ஒழுங்காகக் கேட்டால் அளக்கலாம் என்பதையும் அதுவே காட்டியது.

ஆயிரம் பேர் எப்படிப் போதும்?

இங்கே கொஞ்சம் கணக்கு. ஆயிரம் பேரைச் சீட்டுக்குலுக்கல் போல எழுந்தமானமாகத் தெரிவு செய்து கேட்டால், கிடைக்கும் வீதம் உண்மையிலிருந்து பெரும்பாலும் 3 புள்ளிக்குள் மேலே அல்லது கீழே இருக்கும். நாட்டில் 50 இலட்சம் பேர் இருந்தாலும் 5 கோடிப் பேர் இருந்தாலும் இந்த 3 புள்ளி மாறாது. நன்றாகக் கிளறிய பானை சிறிதோ பெரிதோ, பதம் பார்க்கத் தேவையானது ஒரே அளவு சோறுதான்.

ஆகவே ஒரு கட்சிக்கு 40, மற்றதற்கு 37 என்று பத்திரிகையில் கண்டால், முதற்கட்சி முந்துகிறது என்று உறுதியாகச் சொல்லமுடியாது. இரண்டும் சமமாகவும் இருக்கலாம்.

எங்கள் நேயரின் கேள்விக்கும் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. 2024 தேர்தலில் பதிவான வாக்காளர் ஏறத்தாழ 4 கோடி 80 இலட்சம். ஆயிரம் பேரைக் கேட்கும் ஒரு கணிப்பில் நீங்கள் அகப்படுவதற்கான வாய்ப்பு 48,000இல் ஒன்று. ஒருவரும் கேட்கவில்லை என்பதற்கு முதற் காரணம் இதுதான். ஆனால் முழுக் காரணம் இது அல்ல. மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

1970: நாலு நாளில் மாறிய மனம்

1970 யூன் 18ஆம் திகதி தேர்தல். பிரதமர் ஹறோல்ட் வில்சன் இலகுவாக வெல்வார் என்பதே எல்லோருடைய எண்ணமும். கடைசிக் கணிப்பு வெளியிட்ட ஐந்து நிறுவனங்களில் நான்கு, தொழிற்கட்சியே முன்னிலை என்றன. சிலதில் முன்னிலை 7 புள்ளி அல்லது அதற்கு மேல். ஓ.ஆர்.சி. என்ற ஒரு நிறுவனம் மாத்திரம், கொன்சவேட்டிவ் கட்சி 1 புள்ளி முன்னிலை என்றது. எட்வேட் ஹீத் 30 ஆசனப் பெரும்பான்மையுடன் பிரதமரானார்.

அந்த ஒரு நிறுவனம் என்ன செய்தது? முன்பு கேட்டவர்களிற் சிலரிடம் கடைசி நேரத்தில் திரும்பப் போய், "இன்னும் அதே எண்ணமா? வாக்களிக்கப் போவீர்களா?" என்று கேட்டது. மற்றவர்கள் சில நாள் முன்பே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இடையில் நாட்டின் வர்த்தகக் கணக்கில் மோசமான செய்தி வந்தது. தேர்தலுக்கு நாலு நாள் முன்பு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் இங்கிலாந்து மேற்கு ஜேர்மனியிடம் தோற்றது. பந்து விளையாட்டுத்தான் வில்சனைத் தோற்கடித்தது என்று பகிடியாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையான பாடம் வேறு. கணிப்பு என்பது கேட்ட நாளின் படம். வாக்குப் போடும் நாளின் படம் அல்ல.

1974 பெப்ரவரியில் இன்னொரு பாடம் கிடைத்தது. வாக்கு வீதத்தில் கொன்சவேட்டிவ் கட்சி சற்று முந்தியது. ஆனால் ஆசனங்கள் தொழிற்கட்சிக்கு 301, கொன்சவேட்டிவ் கட்சிக்கு 297. கணிப்புகள் வாக்கைச் சொல்லும். இந்த நாட்டில் ஆட்சியைத் தீர்மானிப்பதோ தொகுதிகள்.

1992: வெட்கப்பட்டவர்கள்

எங்களில் பலர் வந்திறங்கிய காலத்துத் தேர்தல் 1992 ஏப்ரல் 9ஆம் திகதி நடந்தது. கடைசி நாள் கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் தொழிற்கட்சி 1 புள்ளி அளவில் முன்னிலை. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பும் எவருக்கும் பெரும்பான்மை இல்லை என்றது. விடிந்தபோது ஜோன் மேஜரின் கொன்சவேட்டிவ் கட்சி 7 புள்ளிக்கு மேல் முந்தி, 21 ஆசனப் பெரும்பான்மையுடன் நின்றது.

சந்தை ஆய்வுச் சங்கம் ஒரு விசாரணை நடத்தி 1994இல் அறிக்கை வெளியிட்டது. அது மூன்று காரணம் சொன்னது. முதலாவது, கடைசி நேரத்தில் சிலர் மனம் மாறினார்கள். இரண்டாவது, கேட்கப்படவேண்டியவர்களின் பங்கீடு பிழையாக இருந்தது. அந்த நாளில் கேள்வி கேட்பவர் ஒரு தாளோடு வீதியில் நிற்பார். இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த வயதில் இத்தனை பேர் என்று அதில் இருக்கும். நாடு மாறிவிட்டிருந்தது, தாள் பழையதாக இருந்தது. மூன்றாவது, கொன்சவேட்டிவ் ஆதரவாளர் பலர் தங்கள் விருப்பத்தைச் சொல்ல மறுத்தார்கள். அவர்களுக்கு "வெட்கப்பட்ட ரோறிகள்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு முறைகள் மாறின. வீதியை விட்டுத் தொலைபேசிக்குப் போனார்கள். ஐ.சி.எம். என்ற நிறுவனம் இன்னொன்றும் செய்தது. "தெரியாது", "சொல்லமாட்டேன்" என்பவர்கள் போன முறை யாருக்கு வாக்களித்தார்கள் என்று பார்த்து, அதில் ஒரு பகுதியை அந்தக் கட்சிக்கே சேர்த்தது. அதாவது நீங்கள் பேசாமல் இருந்தாலும் உங்கள் மௌனத்துக்கு அவர்கள் ஒரு பொருள் வைப்பார்கள். இதை மனதில் வைத்திருங்கள்.

2015: வீட்டில் இல்லாதவர்கள்

2000ஆம் ஆண்டளவில் இணையவழிக் கணிப்பு தொடங்கியது. மலிவு, வேகம். தேர்தலுக்கு முன் நாளுக்கொரு கணிப்பு வரத் தொடங்கியது. 2015 மே 7ஆம் திகதிக்கு முன்பு எல்லாக் கணிப்பும் ஒன்றையே சொன்னன. இரு பெரிய கட்சிகளும் சமம், எவருக்கும் பெரும்பான்மை இல்லை. தொழிற்கட்சி ஸ்கொட்லாந்து தேசியக் கட்சியுடன் சேருமா என்பதே பிரசாரம் முழுவதும் பேச்சாக இருந்தது. கணிப்பு சொன்னதை வைத்து அரசியல்வாதிகள் பேச, அவர்கள் பேசியதை வைத்து மக்கள் முடிவெடுத்தார்கள்.

முடிவில் கொன்சவேட்டிவ் கட்சி 6 புள்ளிக்கு மேல் முந்தி 331 ஆசனம் பெற்றது. தனித்து ஆட்சி அமைத்த டேவிட் கமரூன், தான் வாக்குறுதி கொடுத்தபடி ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய பொதுசன வாக்கெடுப்பை 2016இல் நடத்தினார். மிச்சம் எல்லோரும் அறிந்தது.

பேராசிரியர் பற்றிக் ஸ்ரேஜிஸ் தலைமையிலான விசாரணை 2016இல் தெளிவாகச் சொன்னது. மக்கள் பொய் சொல்லவில்லை. கடைசி நேர மாற்றமும் பெரிதாக இல்லை. கேட்கப்பட்டவர்களே பிழையான கலவை. அரசியலில் ஆர்வமுள்ள இளைஞர்கள் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள். வயது முதிர்ந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். பானை கிளறப்படவில்லை.

அதே தேர்தலைப் பற்றிப் பேராசிரியர் ஜோன் கேட்டிஸ் வெளியிட்ட ஒரு ஆய்வு எங்களுக்கு மிகவும் பொருந்தும். தேர்தல் முடிந்த பிறகு வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு கணக்கெடுப்பை அவர் பிரித்துப் பார்த்தார். முதல் தடவை கதவைத் தட்டியதுமே கிடைத்தவர்களிடையே தொழிற்கட்சி 6 புள்ளி முன்னிலை. மூன்று முதல் ஆறு தடவை போன பிறகு கிடைத்தவர்களிடையே கொன்சவேட்டிவ் கட்சி 11 புள்ளி முன்னிலை. எந்தக் கட்சி என்பதை விடுங்கள். இலகுவில் கிடைப்பவரும், வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருப்பதால் கிடைக்காதவரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதற்குக் காசும் நாளும் வேண்டும். அவசரக் கணிப்புக்கு இரண்டும் இல்லை.

2017 முதல் 2024 வரை

2015இல் சூடுபட்டவர்கள் 2017இல் மறுபக்கம் சாய்ந்தார்கள். கொன்சவேட்டிவ் கட்சி 8 புள்ளி அளவில் முந்தும் என்றார்கள். முந்தியது 2 புள்ளிக்குச் சற்று மேல். திரேசா மே பெரும்பான்மையை இழந்தார். அப்போது யூகவ் நிறுவனம் எம்.ஆர்.பி. என்ற புதிய முறையில், எவருக்கும் பெரும்பான்மை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது. பல ஆயிரம் பேரைக் கேட்டு, எந்த வயது, எந்தப் படிப்பு, எந்தத் தொழில் உள்ளவர் எப்படி நினைக்கிறார் என்று பார்த்து, அத்தகையோர் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை பேர் என்று சேர்த்துக் கணக்கிடுவது இந்த முறை. பல சந்ததிகளாகக் கொன்சவேட்டிவ் கட்சியின் கையில் இருந்த கன்ரபரியைத் தொழிற்கட்சி பிடிக்கலாம் என்று அது சொன்னபோது பலர் சிரித்தார்கள். பிடித்தது.

2024 யூலை 4ஆம் திகதித் தேர்தலில் தொழிற்கட்சி வெல்லும் என்பதில் கணிப்புகள் சரி. ஆனால் 18 புள்ளி அளவில் முந்தும் என்றார்கள். முந்தியது 10 புள்ளி. ஆசன எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்ததால் இந்தத் தவறைச் சாதாரண மக்கள் கவனிக்கவில்லை.

அந்தத் தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. லெஸ்ரர் தெற்கில் தொழிற்கட்சியின் முக்கியமான ஒருவர், ஜொனதன் ஆஷ்வேத், ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் 979 வாக்கால் தோற்றார். காசா விடயத்தில் முஸ்லிம் மக்களுக்கிருந்த கோபம் அங்கே வெளிப்பட்டது. அதேநாள் ஹறோ கிழக்கில், நாடெங்கும் கொன்சவேட்டிவ் கட்சி சரிந்துகொண்டிருக்க, அக்கட்சி பாதிக்கு மேற்பட்ட வாக்குப் பெற்று வென்றது. இரண்டும் தெற்காசிய மக்கள் செறிந்து வாழும் இடங்கள். தேசிய சராசரியில் கரைந்துபோகும் ஒரு சிறு சமூகம் தன் தொகுதியில் முழு உருவத்தோடு நிற்கும்.

பானையில் நாங்கள் எங்கே?

இனி எங்கள் நேயரின் கேள்விக்கு மிச்சப் பதில்.

2021 குடிசன மதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழைத் தங்கள் முதன்மை மொழி என்று பதிந்தவர்கள் ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் அளவினர். ஆயிரத்துக்கு இரண்டு பேர். ஆயிரம் பேரைக் கேட்கும் கணிப்பு முற்றிலும் நேர்மையாக நடந்தாலும் அதில் இரண்டு தமிழர் இருப்பார்கள். இரண்டு பேரை வைத்து ஒரு சமூகம் என்ன நினைக்கிறது என்று எவரும் சொல்லமுடியாது. குடிசன மதிப்புப் படிவத்தில் இனம் கேட்கும் இடத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் உண்டு. இலங்கைத் தமிழருக்குக் கட்டம் இல்லை. "வேறு ஆசியர்" என்பதில் எழுதவேண்டும். சிறுபான்மையினரின் வாக்களிப்பைப் பற்றி 2010இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதுவும் ஐந்து பெரிய சமூகங்களைத்தான் எடுத்துக்கொண்டது. நாங்கள் அந்த ஐந்தில் இல்லை.

அந்த இரண்டு பேராவது கிடைப்பார்களா என்பது அடுத்த கேள்வி. பகலில் கடை, இரவில் பெற்றோல் நிலையம், சனி ஞாயிறு பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடமும் கோயிலும் என்று ஓடுகிறவர் முதல் தட்டலில் கிடைப்பவர் அல்ல. ஆங்கிலத்தில் வேகமாகக் கேள்வி கேட்டால், "சொறி, நோ தாங்யூ" என்று தொலைபேசியை வைத்துவிடும் அம்மம்மாவும் கணக்கில் வரமாட்டார்.

இவற்றையெல்லாம் விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை வெளியாள் ஒருவர் எழுதமாட்டார், நாங்கள்தான் சொல்லவேண்டும்.

முன்பின் தெரியாத ஒருவர் தாளும் பேனையுமாக வந்து, "வீட்டில் எத்தனை பேர்? பெயர் என்ன? யாருடைய பக்கம்?" என்று கேட்டால் அதற்கு உண்மை சொல்வது ஆபத்து என்று கற்றுக்கொண்ட சனம் நாங்கள். 1983 யூலையில் கொழும்பில் காடையர் தமிழர் வீடுகளைத் தேடிப்போனபோது அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும் வீட்டுக்குத் தீ வைக்க உதவியது. அதன்பிறகும் பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, தலையாட்டி என்று எத்தனையோ பட்டியல்களைக் கண்டோம். கேட்பவர் யார் என்று தெரியாதபோது "எனக்குத் தெரியாது" என்பதே உயிர் காத்த பதில். அந்தப் பதிலோடுதான் இங்கே வந்தோம். கணிப்பு எடுப்பவருக்கு அது "கருத்து இல்லாதவர்" என்ற கட்டத்தில் ஒரு அடையாளம் மாத்திரம். அந்த மௌனத்துக்குப் பின்னால் எத்தனை கதை இருக்கிறது என்பது அவருடைய தாளில் இல்லை.

இதை அறியாமை என்று பிள்ளைகள் நினைக்கவேண்டாம். அது அனுபவம். ஆனால் இந்த நாட்டின் ஒழுங்கு என்ன என்பதையும் பெரியவர்கள் அறியவேண்டும்.

முறையான நிறுவனங்கள் பதில் சொன்னவரின் பெயரை வெளியிடுவதில்லை. தொழில் விதிகளும் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தடுக்கின்றன. விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம், இடையில் நிறுத்தலாம். வங்கி இலக்கம், கடவுச்சொல், காசு கேட்டால் அது கணிப்பு அல்ல, உடனே வைத்துவிடுங்கள். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் கேட்பவர்கள் உங்கள் வாயால் சொல்லச் சொல்வதே இல்லை. மாதிரிச் சீட்டைத் தந்து, நீங்களே அடையாளமிட்டுப் பெட்டியில் போடச் சொல்வார்கள். அந்த இரகசியமும், ஒரே இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்டு மாற்றத்தை அளப்பதும் சேர்ந்துதான் அந்தக் கணிப்பை நம்பத்தகுந்ததாக ஆக்கின. 2005இல் பெரும்பான்மை 66 என்று சொன்னது, அப்படியே வந்தது. 2024இல் தொழிற்கட்சிக்கு 410 என்றது, கிடைத்தது 411. இரவு 10 மணிக்கு வாக்களிப்பு முடியும்வரை அதை வெளியிடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று அஞ்சுபவர்களுக்கும் வழி உண்டு. பிறருக்கு விற்கப்படும் திறந்த பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லலாம். உண்மையான ஆபத்து உள்ளவர்கள் ஆதாரம் காட்டிப் பெயர் தெரியாதபடி பதிவதற்கும் இடமுண்டு.

கணிப்பைவிடப் பெரிது பதிவு

இன்னொரு முக்கியமான விடயம். இலங்கை பொதுநலவாய நாடு. இலங்கைக் குடியுரிமையோடு இங்கே வதிவிட அனுமதி பெற்று வாழும் 18 வயது நிறைந்தவர், பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுக்காவிட்டாலும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இது பலருக்குத் தெரியாது. சிற்றிசன் கிடைத்த பிறகு பார்ப்போம் என்று பத்து வருடம் காத்திருந்தவர்கள் உண்டு. 2014க்கு முன்பு வீட்டுத் தலைவர் எல்லோருக்குமாகப் படிவம் நிரப்புவார். அதன்பிறகு ஒவ்வொருவரும் தாங்களே பதியவேண்டும். அப்பா பதிந்திருப்பார் என்று பிள்ளை நினைத்தால் பெயர் விடுபடும். வாடகை வீட்டில் இருந்து வீடு மாறும்போதும் திரும்பப் பதியவேண்டும். 2024 பொதுத்தேர்தலிலிருந்து வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாள அட்டையும் காட்டவேண்டும். இல்லாதவர்களுக்கு அதற்கென்று இலவச அட்டை கொடுக்கிறார்கள்.

ஒரு பெயர் விடுபட்டால் என்ன என்று கேட்கலாம். 2024இல் ஹென்டன் தொகுதி 15 வாக்கால் தீர்மானிக்கப்பட்டது. 2017இல் கென்சிங்ரன் 20 வாக்கால், ஸ்கொட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃப் 2 வாக்கால். எங்கள் ஒரு கலியாணவீட்டில் ஒரு மேசையைச் சுற்றி இருப்பவர்களின் தொகை அது.

அகதியாக வந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள் உமா குமரன் 2015இல் ஹறோ கிழக்கில் போட்டியிட்டுத் தோற்றார், 2024இல் ஸ்ராற்ஃபோர்ட் அன்ட் போவில் வென்றார். எந்தக் கட்சியை ஆதரிப்பது என்பது அவரவர் விருப்பம், அதைச் சொல்வது இந்தப் பேச்சின் வேலை அல்ல. பட்டியலில் பெயர் உள்ள ஒரு சமூகம்தான் நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பத்திரிகையில் கணிப்பைக் கண்டால்

அடுத்த தேர்தலில் கணிப்பு ஒன்றைக் கண்டால் ஐந்து கேள்வி கேளுங்கள். எடுத்தவர் யார், காசு கொடுத்தவர் யார்? எத்தனை பேரிடம்? எந்த நாட்களில்? எப்படிக் கேட்டார்கள், இணையத்திலா தொலைபேசியிலா? "தெரியாது" என்றவர்களை என்ன செய்தார்கள்? பிரித்தானியக் கருத்துக்கணிப்புச் சபை 2004 முதல் இயங்குகிறது. அதில் உள்ள நிறுவனங்கள் இந்த விபரங்களை வெளியிட்டே ஆகவேண்டும். வானொலியின் தொலைபேசி வாக்கெடுப்பும், சமூக ஊடகங்களில் கைவிரலால் அமுக்கும் வாக்கெடுப்பும் கணிப்பு அல்ல. அவை லிற்றரறி டைஜஸ்ற்றின் பேரப்பிள்ளைகள். எங்கள் வானொலி நடத்துவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த தடவை யாராவது முறையாகத் தொடர்புகொண்டு, "ஐந்து நிமிடம் பேசலாமா?" என்று கேட்டால், யார் என்று விசாரித்து அறிந்துகொண்டு, விருப்பமானால் பதில் சொல்லுங்கள். ஆங்கிலம் கடினமென்றால் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் இரண்டு பேர்தான் நாங்கள். அந்த இருவரும் பேசாமல் இருந்தால் எங்களுக்காக வேறு யாரோ ஒருவருடைய பதிலைத்தான் கூட்டிக் கணக்கிடுவார்கள். கணிப்புக்குப் பதில் சொல்லாவிட்டாலும் குறையில்லை. வாக்காளர் பதிவை மாத்திரம் தள்ளிப்போடவேண்டாம். இந்தக் கிழமையே வீட்டில் 18 வயது நிறைந்த எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று உங்கள் நகரசபையிடம் கேட்டுப் பாருங்கள்.